வாசகர் கேள்வி பதில்: காபி ஷாப் கோப்பைக்குள் என்ன இருக்கிறது?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "சாப்பிடுவதையெல்லாம் எழுதி வைக்கிறோம், குடிப்பதை மட்டும் எழுதுவதே இல்லை" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் காபியைப் பற்றித்தான் அதிகம். அதனால் இந்த முறை எல்லாமே காபி, காபி ஷாப், கலோரி. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மேடம், எனக்கு 31 வயது. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஆறு மாதமாக இரவில் சாதம் இல்லை, இரண்டு சப்பாத்திதான். ஸ்வீட் பக்கமே போவதில்லை. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் கீழேயே ஒரு காபி ஷாப் இருக்கிறது. நாலு மணிக்கு அங்கே போய் ஒரு கேரமல் கோல்டு காபி குடிப்பேன், அது ஒன்றுதான் எனக்கு இருக்கும் சந்தோஷம். அது வெறும் காபிதானே, அதனாலா எடை குறையாமல் இருக்கும்? (சென்னை)

பதில்: வெறும் காபி என்றால் நீங்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கப் வரக்காபியில் இரண்டு மூன்று கலோரிதான் இருக்கும், அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஆனால் நீங்கள் நாலு மணிக்குக் குடிப்பது பாதி மில்க் ஷேக், மீதி இனிப்பு. காபி அதில் வாசனைக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் இந்தப் பதிலுக்காகவே ஒரு கடையில் கவுண்டர் ஓரமாக நின்று, அந்தப் பையன் கேரமல் கோல்டு காபி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பாட்டிலின் தலையை மூன்று தடவை அழுத்தினார், சிரப் சர் சர்ரென்று கோப்பைக்குள் இறங்கியது. ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரை, அதாவது 20 கலோரி, மூன்றுக்கு 60. அப்புறம் பால், சுமார் 200 மி.லி. இருக்கும். பாக்கெட்டைப் பார்த்தேன், கொழுப்பு 6 சதவீதம் உள்ள ஃபுல் கிரீம் பால். அதில் 100 மி.லி.-க்கு 87 கலோரி வரை வரும், ஆக 174. பிறகு ஐஸ், காபி டிகாஷன், மிக்ஸி. கடைசியில் மேலே சுழற்றிச் சுழற்றி ஒரு கோபுரம் மாதிரி விப்பிங் கிரீம், அது ஒரு 80, 90. அதற்கும் மேலே கேரமலைக் கோடு கோடாக ஊற்றினார், அது ஒரு மேசைக்கரண்டி என்று வைத்தால் 50க்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள், 370க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இப்போது உங்கள் நடையைப் பார்ப்போம். 60 கிலோ எடை உள்ள ஒருவர் 40 நிமிடம் ஓரளவு வேகமாக நடந்தால் செலவாவது 140 கலோரி போல. இரவில் நீங்கள் விட்டுக்கொடுத்த சாதத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தனை சிரமத்தையும் அந்த ஒரு கோப்பை பத்து நிமிடத்தில் சமன் செய்துவிடுகிறது. அதோடு, குடிக்கிற கலோரி வயிற்றை நிரப்பாது. இரண்டு சப்பாத்தி சாப்பிட்டால் போதும் என்று உடம்பு சொல்லும், ஸ்ட்ராவில் உறிஞ்சியதை அது சாப்பாடாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ஏழு மணிக்கு உங்களுக்குப் பசிக்கும், மறுபடி பசியோடு போராடுவீர்கள்.

நாலு மணி சந்தோஷத்தை விட வேண்டாம், நான் அதை விடச் சொல்ல மாட்டேன். அதே கடையில் சின்ன சைஸ் கப்புச்சினோ கேளுங்கள். 150 மி.லி. பால், டோன்டு பால் இருக்கிறதா என்றும் கேளுங்கள், சர்க்கரை இல்லாமல் குடித்தால் 90 கலோரிக்குள் முடியும். இனிப்பு இல்லாமல் இறங்காது என்றால் ஒரு சர்க்கரைப் பொட்டலம் போடுங்கள், அது 5 கிராம் பொட்டலமாக இருந்தால் 20 கலோரி, மொத்தம் 110. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் கேரமல். மூன்று மாதம் இப்படி இருந்து பார்த்து எனக்கு எழுதுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஒரு முறை தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது, அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: பெரிய காபி ஷாப்களில் விலைக்குப் பக்கத்திலேயே கே.சி.ஏ.எல். என்று ஒரு எண் போட்டிருக்கிறார்கள். அதை யார் போடச் சொன்னது? அதை நம்பலாமா? எங்கள் தெருமுனைக் கடையில் ஏன் அப்படி இல்லை? (திருச்சி)

பதில்: கே.சி.ஏ.எல். என்பது கிலோ கலோரி. நாம் பேச்சில் "கலோரி" என்று சொல்வதும் அதைத்தான், இரண்டும் ஒன்றே, ஆயிரத்தால் பெருக்கிப் பயந்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம்தான் ஒரு கிலோ கலோரி. மாவுச்சத்தும் சர்க்கரையும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த வேலையிலிருந்து வந்த கணக்கு இது, இன்றைக்கும் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் போடுகிறார்கள்.

போடச் சொன்னது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். 2020இல் வந்த விதி, 2022இல் நடைமுறைக்கு வந்தது. மத்திய உரிமம் வைத்திருக்கும் உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்களும் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் கலோரியையும், அது எவ்வளவு அளவுக்கான கலோரி என்பதையும் போட வேண்டும். உங்கள் தெருமுனைக் கடைக்குப் பத்துக் கிளை இருக்காது, அதனால் அவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உழைக்கும் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,000 கிலோ கலோரி வேண்டும், ஆளுக்கு ஆள் மாறும் என்றும் மெனுவில் ஒரு வரி இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது பலகையின் அடியில் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள்.

நம்பலாமா என்றால், நம்பலாம், ஆனால் அது கடைக்காரர் தன் செய்முறைப்படி போட்டால் வரும் எண். நீங்கள் "எக்ஸ்ட்ரா சிரப் போடுங்க, மேலே கிரீம் வைங்க" என்று சொன்ன நொடியில் அந்த எண் உங்கள் கோப்பைக்குப் பொருந்தாது. வாடிக்கையாளர் கேட்டு மாற்றிச் செய்து தருவதற்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. மேசைமேல் இலவசமாக வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலம் போன்றவற்றுக்கும் விலக்கு. மூன்று பொட்டலம் கிழித்துப் போட்டால் அந்த 60 கலோரியைச் சேர்க்க வேண்டியது நீங்கள்தான். இன்னொன்று, சைஸைப் பாருங்கள். ஒரே பானம் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கோப்பையில் வரும், எண் எந்தக் கோப்பைக்கு என்று தெரியாமல் படித்துப் பயனில்லை. கடை ஃப்ரிட்ஜில் இருக்கும் பாட்டில் கோல்டு காபியில் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் 100 மி.லி.-க்கான கணக்கு, பாட்டிலோ 200 மி.லி. அல்லது அதற்கு மேல். இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும்.

எண்ணைப் போட்டால் மக்கள் மாறுவார்களா என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது, எனக்கு இது மறக்கவே மறக்காது. நியூயார்க் நகரத்தில் 2008இல் சங்கிலித் தொடர் கடைகளில் கலோரி போடுவதைக் கட்டாயமாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஸ்டார்பக்ஸ் கடைகளின் விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை வாங்குவதில் சராசரிக் கலோரி 6 சதவீதம் குறைந்திருந்தது, அதாவது 247ஆக இருந்தது 232. ஆனால் குறைந்ததெல்லாம் கேக், பன் மாதிரி தின்பண்டத்தில்தான். பானத்தில் மாற்றம் ஏறக்குறைய இல்லவே இல்லை. எண் கண் முன்னால் இருந்தும், கையில் இருக்கும் கோப்பையை யாரும் சாப்பாடாக நினைக்கவில்லை. நம் ஊரில் மட்டும் அல்ல, எங்கேயும் இதே கதைதான்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 66. கறந்த பசும்பால், அன்றன்று வறுத்து அரைத்த பொடி, டிகிரி காபி. ஒரு நாளைக்கு நாலு வேளை. அறுபது வருஷப் பழக்கம். இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன் பெங்களூரிலிருந்து போன் செய்து, "அப்பா, காபியில் எவ்வளவு கலோரி தெரியுமா, நிறுத்துங்க" என்கிறான். நிறுத்தத்தான் வேண்டுமா? (கும்பகோணம்)

பதில்: ஐயா, நிறுத்த வேண்டாம். பையன் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் காபியைக் குற்றம் சொல்லிப் புண்ணியம் இல்லை, சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே என் வீட்டு டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன், 150 மி.லி. பிடித்தது. அதில் டிகாஷன் 40 போனால் பால் 110. பசும்பால் 100 மி.லி.-க்கு 70 கலோரி என்று வைத்துக்கொண்டால் 77. பிறகு எங்கள் வீட்டு டீஸ்பூனால் சர்க்கரையை அள்ளி சமையல் தராசில் வைத்தேன். விரலால் வழித்துத் தட்டையாக்கினால் 4 கிராம். வழிக்காமல் கும்பாச்சியாக அள்ளினால், நாம் எல்லாரும் அப்படித்தான் அள்ளுகிறோம், 6இலிருந்து 7 கிராம். நீங்கள் இரண்டு ஸ்பூன் போடுகிறவர் என்றால் 12 கிராமுக்குக் குறையாது, அது 48 கலோரி. ஒரு டம்ளருக்கு 125, நாலு வேளைக்கு 500.

இந்த 500 பெரிய விஷயம்தான், ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. நாலு வேளைக்கு 12 கிராம் என்றால் 48 கிராம் சர்க்கரை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். காபியிலேயே நீங்கள் அதைப்போல இரண்டு மடங்குக்குப் போய்விடுகிறீர்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலைக் காபியைத் தொடவேண்டாம், டபரா செட், நுரை, எல்லாம் அப்படியே இருக்கட்டும், சர்க்கரையை மட்டும் வழித்த ஸ்பூனால் போடுங்கள். வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குக்கே தெரியாது. ஒரே நாளில் நிறுத்தியவர்கள்தான் நாலாம் நாள் பழைய அளவுக்குத் திரும்பி வந்து என்னிடம் புலம்புகிறார்கள். டிகாஷன் முதல் டிகாஷனாக இருந்தால் சர்க்கரை குறைந்தது தெரியவே தெரியாது, காபியின் மணமே நாக்கை நிறைத்துவிடும். நாலு வேளையை மூன்றாக்குங்கள். பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டாம், தண்ணீர் போய் மீதிப் பால் கெட்டியானால் அதே டம்ளரில் கலோரி ஏறும். எருமைப்பால் கலந்து வருகிறதா என்றும் பால்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எருமைப்பாலில் 100 மி.லி.-க்கு 100 கலோரியைத் தாண்டும்.

இன்னொன்றும் அந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். டிபன் முடிந்த கையோடு காபி குடிக்கிற வழக்கம் நம் வீடுகளில் எல்லாருக்கும் உண்டு, அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். டாக்டர் சொன்ன அடுத்த ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டிக் காபி குடித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா? தேன்? நாட்டுச் சர்க்கரை? (திருநெல்வேலி)

பதில்: கருப்பட்டிக் காபியின் சுவையே தனி, குடியுங்கள். ஆனால் கலோரியில் வெள்ளைச் சீனிக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் கிராமுக்கு ஏறக்குறைய அதே 4. தேன் கிராமுக்கு 3 என்றாலும், கனமாக இருப்பதால் ஒரு டீஸ்பூன் 7 கிராம் நிற்கும், கடைசியில் அதே 20 கலோரிதான். சுகர் உள்ளவர்கள் "கருப்பட்டிதானே" என்று இரண்டு டம்ளர் கூடக் குடிப்பதை நிறையப் பார்க்கிறேன், தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். காபி ஷாப் பக்கம் போவதில்லை. டீக்கடையில்தான், ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ, இடையில் ஒரு காபி. சின்ன கிளாஸ்தானே, இதற்கெல்லாம் கணக்கு பார்க்கணுமா? (விழுப்புரம்)

பதில்: பார்க்க வேண்டும், உங்களுக்குத்தான் முதலில். காபி ஷாப் கோப்பை பெரிதாக இருப்பதால் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது, கிளாஸ் சின்னதாக இருப்பதால் ஏமாற்றுகிறது. டீக்கடை கிளாஸில் பால் ஒரு 60 மி.லி. என்றால் 40 கலோரி போல, மாஸ்டர் போடுகிற சர்க்கரை இரண்டு ஸ்பூன், 10 கிராம், அது ஒரு 40. ஒரு கிளாஸுக்கு 80. எட்டு கிளாஸுக்கு 640. ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி, அதில் 320 வெறும் சர்க்கரை. 80 கிராம் சர்க்கரை என்பது மூன்று நாளுக்கு உரியது.

பல நேரம் சவாரி இடையில் சாப்பிட நேரம் இல்லாமல்தான் டீ குடித்துப் பசியை அடக்குகிறீர்கள் என்று தெரியும், என் அப்பாவும் பேருந்து ஓட்டியவர், இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பசிக்கிற நேரத்தில் டீயை விட்டுவிட்டு ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள், செலவும் பெரிதாகக் கூடாது. மீதி டீயில் பாதியை "வித்தவுட்" சொல்லுங்கள், மீதியை அரைச் சர்க்கரை. மாஸ்டர் கிளாஸில் சர்க்கரையை முதலிலேயே போட்டுவிட்டுத்தான் டீயை ஆற்ற ஆரம்பிப்பார், அதனால் கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுங்கள். தினமும் போகிற கடை என்றால் ஒரு வாரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தே சர்க்கரையைக் குறைத்துவிடுவார்.

கேள்வி: வணக்கம் அக்கா. இங்கே கோப்பிக் கடைகளில் ஏ, பி, சி, டி என்று எழுத்து போடுகிறார்கள். ஏ என்றால் கலோரி குறைவு என்று அர்த்தமா? எனக்கு கோப்பி இல்லாமல் பொழுது விடியாது. (சிங்கப்பூர்)

பதில்: அந்த எழுத்து கலோரிக்கானது அல்ல. அது நியூட்ரி-கிரேடு, சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துப் போடுவது. அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30இலும், கடையில் கலந்து தரும் கோப்பி, பபிள் டீ போன்றவற்றுக்கு 2023 டிசம்பர் 30இலும் வந்தது, சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. 100 மி.லி.-க்குச் சர்க்கரை 1 கிராமுக்குள் இருந்தால் ஏ, 5 வரை பி, 10 வரை சி, 10ஐத் தாண்டினால் டி. இது 100 மி.லி.-க்கான கணக்கு என்பதை மறக்காதீர்கள், பி எழுத்து போட்ட பானத்தையும் அரை லிட்டர் குடித்தால் 25 கிராம் வரை சர்க்கரை உள்ளே போகலாம்.

உங்கள் ஊர் கோப்பியில் இனிப்பும் பாலும் ஒன்றாகவே வருகிறது, எல்லாம் கண்டென்ஸ்டு மில்க். அதில் ஒரு மேசைக்கரண்டி 60 கலோரியைத் தாண்டும், இரண்டு ஊற்றினால் 125க்கு மேல். "சியூ தாய்" என்று கேட்டால் அது குறையும். பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்றால் "கோப்பி சி கோசோங்", அதில் இனிப்பில்லாத எவாப்பரேட்டட் மில்க் வரும். இரண்டுமே வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கோசோங்". நான் சிங்கப்பூர் வந்தபோது தேக்கா பக்கத்தில் இந்தச் சொற்களைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது. இத்தனை துல்லியமாகக் காபி கேட்கும் வழக்கம் ஒரு ஊரில் இருப்பது பெரிய வசதி, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், ஜிம்மில் எல்லாரும் வெண்ணெய் போட்ட பிளாக் காபி குடித்தால் உடம்பு குறையும் என்கிறார்கள். பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால் நல்லதா? சுகர் ஃப்ரீ மாத்திரை? (ஈரோடு)

பதில்: தம்பி, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி. இரண்டு கலோரிக் காபியை நூறு கலோரிக் காபியாக்கிவிட்டு அதில் உடம்பு எப்படிக் குறையும்? நெய் ஊற்றினாலும் அப்படித்தான், ஒரு டீஸ்பூனுக்கு 45.

ஓட்ஸ் பால் 100 மி.லி.-க்கு 45இலிருந்து 60 வரை வரும், டோன்டு பாலின் 58க்குப் பக்கம்தான். ஓட்ஸில் உள்ள மாவுச்சத்தை நொதி போட்டு உடைத்துத்தான் அதைச் செய்கிறார்கள், அப்போதே சர்க்கரை உண்டாகிவிடுகிறது, அதனால் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதியிருந்தாலும் இனிக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல மாற்று, எடைக்காக மாற வேண்டியதில்லை. இனிப்பில்லாத பாதாம் பாலில் கலோரி நிஜமாகவே குறைவு, 15, 20தான், ஆனால் புரதமும் இல்லாமல் போய்விடும், ஜிம்முக்குப் போகிறவருக்கு அது நஷ்டம்.

சுகர் ஃப்ரீயைப் பொறுத்தவரை, எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. உங்கள் வயதில் நாக்கைப் பழக்குவதுதான் எளிது. காபி ஒரு நாளைக்கு இரண்டு மூன்றோடு நிற்கட்டும், 150 மி.லி. டிகாஷன் காபியில் 80இலிருந்து 120 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும், ஒரு நாளைக்கு 300ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். ராத்திரி தூங்காமல் ஜிம்முக்குப் போய் என்ன பயன்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. டியூஷன் முடிந்து நண்பர்களோடு ஐஸ்கிரீம் போட்ட கோல்டு காபி குடிக்கிறான். கொஞ்சம் குண்டாகவும் இருக்கிறான். அவனுக்குக் கலோரி எண்ணக் கற்றுக்கொடுக்கலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம் அம்மா. வளருகிற பிள்ளையிடம் கலோரி எண்ணைக் கொடுக்காதீர்கள், கணக்கு உங்களிடமே இருக்கட்டும். 200 மி.லி. பால், நாலு ஸ்பூன் சர்க்கரை, ஒரு உருண்டை வெனிலா, மேலே சாக்லேட் சிரப், எல்லாம் சேர்த்தால் அந்தக் கிளாஸ் 400ஐத் தாண்டும். தினமும் என்பதை வாரம் ஒரு நாளாக்குங்கள், நண்பர்கள் போகிற நாளாகப் பார்த்து அந்த நாளை அவனையே முடிவு செய்யச் சொல்லுங்கள். மற்ற நாள் டியூஷனுக்குக் கிளம்பும் முன் ஏதாவது வயிறு நிறையச் சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள், பசியோடு போகிற பிள்ளைதான் கடையில் பெரிய கிளாஸைக் கேட்கும். "குண்டு" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாத்தா பாட்டி உட்பட.

கேள்வி: என் மகள் காலேஜ் இரண்டாம் வருடம். போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு வாயில் போவதையெல்லாம் எழுதுகிறாள். போன வாரம் நான் காபியில் தெரியாமல் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுவிட்டேன். அதைக் கொட்டிவிட்டு அறைக்குள் போய் அழுதாள். இருபது கலோரிக்காக அழுவார்களா? நான் என்ன செய்ய வேண்டும்? (சேலம்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவள் இருபது கலோரிக்காக அழவில்லை அம்மா. உள்ளே ஏதோ ஒரு பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது எண்ணின் உருவத்தில் வெளியே வருகிறது.

மேலே இத்தனை கணக்குப் போட்டேனே, அவை எல்லாம் தோராயக் கணக்கு. பால் கையால் ஊற்றுவது, சர்க்கரை கையால் அள்ளுவது, ஒரே கடையில் ஒரே காபி இரண்டு நாள் ஒரே அளவில் வராது. இருபது முப்பது கூடுவதும் குறைவதும் ஒன்றுமே இல்லை, உடம்பு அதைக் கண்டுகொள்ளாது. இதை அவளிடம் சொல்லிப் புரியவைக்க முயல வேண்டாம், அவளுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அழுகை வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சில விஷயங்களை அமைதியாகப் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, முடி கொட்டுகிறதா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறாளா, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போகிறாளா, எடை வேகமாக இறங்குகிறதா. இதில் ஒன்றிரண்டு இருந்தாலே தள்ளிப்போடாமல் ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கூடவே ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். சாப்பாட்டைச் சுற்றி வரும் இந்த மாதிரி அவஸ்தைக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் போனால் சீக்கிரம் சரியாகும். என்னைப் போன்ற உணவு ஆலோசகரிடம் வருவது அதற்கு அடுத்த படி. போனைப் பிடுங்குவது, ஆப்பை அழிப்பது, மறைத்து நெய் ஊற்றுவது எதையும் செய்யாதீர்கள், உங்கள் கையால் போட்ட காபியை அவள் நம்ப வேண்டும்.

நாளைக் காலை அவளுக்கு எப்படி வேண்டுமோ அப்படியே போட்டுக் கொடுங்கள், சர்க்கரை வேண்டாம் என்றால் வேண்டாம். உங்கள் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அன்று சர்க்கரை போட்டது தெரியாமல் நடந்தது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் காலேஜைப் பற்றிப் பேசுங்கள். டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள், பத்திரிகையில் போட மாட்டேன், உங்களுக்கு நேராகவே பதில் எழுதுகிறேன்.